பெட்டியில் வந்த பூ வெங்காயம்

சித்திரை பிறந்தால் எங்கள் தெருவில் நாலைந்து வீடுகள் பூட்டிக் கிடக்கும். அமெரிக்கா, கனடா, லண்டன் என்று பெரியவர்கள் பிள்ளைகளைப் பார்க்கக் கிளம்பிவிடுவார்கள். போகும்போது பெட்டியில் வடகமும் ஊறுகாயும் பருப்புப் பொடியும் போகும். திரும்பும்போது சாக்லேட், பாதாம், முழங்கால் வலிக்கு ஏதோ மாத்திரை. சிலர் பெட்டியில் துணிமணிக்கு நடுவே, செய்தித்தாளில் சுற்றிய விதையோ செடியோ கிழங்கோ கூட வரும்.

அந்தக் கடைசிச் சமாச்சாரத்தைப் பற்றித்தான் இன்று எழுதுகிறேன். தயவு செய்து கொண்டு வராதீர்கள். சொல்ல வந்தது இவ்வளவுதான். இதைச் சொல்ல உனக்கு என்ன யோக்கியதை என்று கேட்டால், நான் கொண்டு வந்தவன்.

மூன்று வருடத்துக்கு முன் நானும் என் மனைவியும் இங்கிலாந்தில் மகள் வீட்டுக்குப் போயிருந்தோம். மே மாதக் கடைசி. பின்கட்டுத் தோட்டத்தில் வேலியோரமாக இடுப்பு உயரத்துக்கு நிமிர்ந்த தண்டுகள். ஒவ்வொரு தண்டின் உச்சியிலும் ஆரஞ்சுப் பழம் அளவுக்குக் கத்தரிப்பூ நிறத்தில் ஓர் உருண்டை. பக்கத்தில் போய்ப் பார்த்தால் நட்சத்திரம் போன்ற நூற்றுக்கணக்கான சின்னப் பூக்கள் சேர்ந்த பந்து அது. சுற்றிலும் தேனீ. என் மனைவி இலையைக் கிள்ளி மோந்து பார்த்துவிட்டு, "ஏங்க, வெங்காய வாசம் வருதுங்க" என்றாள்.

அவள் மூக்கு தப்பாது. அது வெங்காயமேதான். ஆனால் சாம்பாருக்கு அல்ல, அழகுக்கு. 'அல்லியம்' என்பது நம் வெங்காயம், பூண்டு எல்லாம் அடங்கிய பேரினத்தின் பெயர். அதில் எழுநூறுக்கு மேற்பட்ட இனங்கள் உண்டு. சிலவற்றை அந்த ஊர்க்காரர்கள் பூவுக்காக மட்டும் வளர்க்கிறார்கள். மகள் வீட்டில் இருந்தது 'பர்ப்பிள் சென்சேஷன்' என்ற ரகம். 'குளோப்மாஸ்டர்' என்று இன்னொன்று, உருண்டை தேங்காய் அளவுக்கு வரும். 'ஜைஜாண்டியம்' ஆள் உயரத்துக்குப் போகும். மே மாதத்தில் லண்டனில் நடக்கும் செல்சீ மலர்க் காட்சியைத் தொலைக்காட்சியில் காட்டினார்கள். அங்கும் தோட்டத்துக்குத் தோட்டம் இந்தப் பந்துகள்தான்.

மனைவிக்கு ஆசை வந்துவிட்டது. நாற்பது வருடமாக வெங்காயம் உரித்துக் கண்ணீர் விட்டவளுக்கு, அதே வெங்காயம் இப்படிப் பூக்கும் என்றால் ஆசை வராதா? ஆகஸ்ட் கடைசியில் கடைகளில் கிழங்குகள் விற்பனைக்கு வந்தன. பத்துக் கிழங்கு உள்ள ஒரு பை வாங்கினோம். செப்டம்பர் கடைசியில் ஊர் திரும்பும்போது அது என் ஸ்வெட்டருக்குள் இருந்தது. சுங்க அறிவிப்புப் படிவத்தில் விதை, செடி, நடவுப் பொருள் கொண்டு வருகிறீர்களா என்று ஒரு கேள்வி உண்டு. பச்சை வழியில் தலையைக் குனிந்துகொண்டு வெளியே வந்துவிட்டேன். முப்பத்தைந்து வருட அரசாங்க உத்தியோகத்தில் ஒரு பென்சில்கூட வீட்டுக்கு எடுத்து வராதவன் நான்.

அந்தக் கிழங்கு பூக்க, குளிர் வேண்டும். மாப்பிள்ளை அதைச் சொல்லியே அனுப்பியிருந்தார். அங்கே இலையுதிர் காலத்தில் நடுவார்கள். மூன்று நான்கு மாதம் மண்ணுக்குள் குளிரில் கிடக்கும். பிறகு வெயிலும் நீண்ட பகலும் வந்ததும் தண்டு விட்டுப் பூக்கும். அதனால் குளிர்சாதனப் பெட்டியில் காய்கறித் தட்டில் வைத்தேன். மார்கழியில் எடுத்துத் தொட்டியில், மணலும் மட்கிய எருவும் கலந்து, கிழங்கின் உயரத்தைப் போல மூன்று மடங்கு ஆழத்தில் நட்டேன். தை மாதம் இலை வந்தது. என் மனைவி தினமும் காலையில் காபி டம்ளரோடு போய்ப் பார்ப்பாள். மாசியில் இலை நுனி காய்ந்தது. பங்குனி வெயிலில் படுத்துவிட்டது. தோண்டிப் பார்த்தால் பத்தும் கூழாகிப் போய், பக்கத்தில் நிற்க முடியாத நாற்றம்.

ஏன் என்று யோசித்தால் காரணம் எளிது. இந்தப் பூ வெங்காயங்களில் பெரும்பாலானவற்றின் பூர்வீகம் மத்திய ஆசியா, ஈரான், துருக்கிப் பக்கத்து மலைகள். குளிர்காலத்தில் பனி, வசந்தத்தில் கொஞ்சம் ஈரம், கோடையில் எலும்பாகக் காயும் மண். இந்த முறைக்குப் பழகிய செடி. நம் திருச்சியில் மார்கழி இரவிலேயே 20 டிகிரிக்குக் கீழே இறங்க யோசிக்கும். பகலின் நீளமும் வேறு. ஜூனில் லண்டனில் 16 மணி நேரத்துக்கு மேல் வெளிச்சம். நமக்கு மிக நீண்ட பகலே 13 மணி நேரத்தைத் தொடாது. இரண்டு மாதக் குளிர்சாதனப் பெட்டி வாசத்தால் இத்தனையும் ஈடுகட்டிவிட முடியுமா? இணையத்தில் இந்தக் கத்தரிப்பூ உருண்டையின் படத்தைப் போட்டுக் கிழங்கும் விதையும் விற்கிறார்கள். நம்மைப் போன்ற சமவெளிக்காரர்கள் காசைக் கொடுக்கும் முன் இதை ஒரு நிமிடம் நினைத்துப் பாருங்கள்.

பூக்கவில்லை என்பதோடு கதை முடிந்திருந்தால் இதை எழுதியிருக்க மாட்டேன். பணம் போனது, பாடம் வந்தது என்று விட்டிருப்பேன்.

என் தம்பி பெரம்பலூர்ப் பக்கம் எங்கள் கிராமத்தில் விவசாயம் பார்க்கிறான். முக்கியப் பயிர் சின்ன வெங்காயம். எங்கள் வீட்டுத் தோட்டக் கழிவு, பழைய தொட்டி மண் எல்லாவற்றையும் சாக்கில் கட்டி வைப்போம். அவன் திருச்சிக்கு வரும்போது மொபெட்டில் வைத்துக்கொண்டு போய்க் குப்பைக் குழியில் போடுவான். அந்தக் குழி எருதான் வெங்காயப் பாத்திக்குப் போகும். அழுகிய பத்துக் கிழங்கும், அந்தத் தொட்டி மண்ணும் அப்படியே சாக்கில் போயின. எனக்கு அப்போது ஒன்றும் உறைக்கவில்லை.

இரண்டு வாரம் கழித்துக் காலை நடைப்பயிற்சியில், வேளாண்மைத் துறையில் ஓய்வு பெற்ற நண்பரிடம் சிரித்துக்கொண்டே இந்தக் கதையைச் சொன்னேன். அவர் சிரிக்கவில்லை. நடப்பதை நிறுத்திவிட்டு, "சார், அந்த மண்ணை என்ன பண்ணினீங்க?" என்று கேட்டார்.

பிறகு பூங்கா பெஞ்சில் உட்கார வைத்து எடுத்துச் சொன்னார். வெளிநாட்டிலிருந்து நடவுக் கிழங்கு வந்தால், அனுப்பும் நாட்டு அதிகாரிகள் தந்த தாவர நலச் சான்றிதழ் வேண்டும், இங்கே வந்ததும் பரிசோதனை வேண்டும். 2003-ஆம் ஆண்டின் தாவரத் தனிமைப்படுத்தல் ஆணை அது. அதற்கு முன்பே 1914-லிருந்து சட்டம் உண்டு. கடைப் பையில் ஒட்டியிருக்கும் வண்ணச் சீட்டு அந்தச் சான்றிதழ் ஆகாது. ஏன் இத்தனை கெடுபிடி? தண்டிலும் கிழங்கிலும் புகுந்து அழிக்கும் ஒரு நூற்புழு இருக்கிறது. கண்ணுக்குத் தெரியாது. வெங்காயம், பூண்டு, டாஃபடில் கிழங்கு எல்லாவற்றையும் தாக்கும். காய்ந்த நிலையில் வருடக்கணக்கில் உயிரோடு கிடந்து, ஈரம் பட்டதும் எழுந்துகொள்ளும். 'வெள்ளை அழுகல்' என்று ஒரு பூஞ்சண நோயும் உண்டு. கடுகைவிடச் சின்னதாகக் கறுப்பு மணிகளை மண்ணில் விட்டுவிட்டுப் போகும். பதினைந்து இருபது வருடம் கழித்து வெங்காயம் நட்டாலும் விழித்துக்கொள்ளும். வெங்காயக் குடும்பத்துக்கென்றே பிறந்த நோய்.

"பத்துக் கிழங்குதானே" என்று முனகினேன். அவர் நீலகிரி கதையைச் சொன்னார். 1961-ல் அங்கே உருளைக்கிழங்கில் தங்க நூற்புழு இருப்பது கண்டுபிடிக்கப்பட்டது. வெளியிலிருந்து வந்த விதைக் கிழங்கோடு ஒட்டிக்கொண்டு வந்திருக்க வேண்டும் என்பதே ஆய்வாளர்கள் கருத்து. அது பரவாமல் இருக்க, 1971-ல் நீலகிரி விதை உருளை மலையை விட்டு வெளியே போவதற்குத் தடை போட்டார்கள். அப்படியும் பிறகு கொடைக்கானல் மலையிலும் அது தென்பட்டது. எவரோ கொண்டு வந்த கிழங்குக்கு, மலை விவசாயிகள் தலைமுறை தலைமுறையாக வட்டி கட்டுகிறார்கள்.

வீட்டுக்கு வந்ததும் தம்பிக்கு ஃபோன் போட்டேன். சாக்கை ஏற்கெனவே குழியில் கொட்டிவிட்டான். நல்லவேளை, எரு இன்னும் வயலுக்குப் போகவில்லை. அன்று மதியமே பஸ் ஏறிப் போனேன். வெயிலில் அவனும் நானும் குழியின் ஒரு பக்கத்தை அரை ஆள் ஆழத்துக்குத் தோண்டி, அந்த மண்ணையும் சுற்றியிருந்த எருவையும் அள்ளி, கல்லாங்காட்டில் விறகு போட்டு எரித்து, ஆழமாகப் புதைத்தோம். அவன் ஒரு வார்த்தை திட்டவில்லை. மண்வெட்டியைக் கழுவும்போதுதான், "அண்ணே, பூவுக்கு ஆசைப்பட்டது தப்பில்லண்ணே. எங்கிட்ட ஒரு வார்த்தை கேட்டிருக்கலாம்ல" என்றான்.

சின்ன வெங்காயம் விதையில் வருவதைவிட விதை வெங்காயத்தில் வருவதே எங்கள் பக்கத்தில் அதிகம். பட்டறையில் காற்றாட வைத்துக் காத்த காயையே திரும்ப நடுவார்கள். அதனால் காயில் ஏறிய நோய் அடுத்த பட்டத்துக்கும் கூடவே போகும். ஏற்கெனவே திருகல், அழுகல், கோழிக்கால் என்று ஆயிரம் தொல்லை. விலை ஒரு வருடம் ஏறும், மறு வருடம் பறிக்கிற கூலிக்கும் கட்டாது. அந்தக் குடும்பங்களின் தலையில் என் வீட்டுத் தொட்டி மண்ணையும் போட்டேன் என்றால், என் படிப்பும் பென்ஷனும் எதற்கு?

ஒன்றும் ஆகவில்லை. அந்த வருடமும் அடுத்த வருடமும் தம்பி வயலில் புதிதாக எந்த நோயும் வரவில்லை. ஒருவேளை அந்தக் கிழங்குகள் சுத்தமானவையாகவே இருந்திருக்கலாம். ஆனால் ஒன்றும் ஆகாமல் போனதில் என் புத்திக்குப் பங்கில்லை.

நண்பர்கள் சிலர் என்னோடு வாதாடினார்கள். நம் வெயிலில் அந்த ஊர்க் கிருமி எல்லாம் பிழைக்காது என்றார் ஒருவர். வெள்ளை அழுகல் குளிர்ந்த மண்ணை விரும்புவது உண்மைதான். ஆனால் தமிழ்நாட்டில் குளிர்ந்த மண்ணே இல்லையா? கொடைக்கானல் மலைப்பூண்டுக்கு 2019-ல் புவிசார் குறியீடு கிடைத்ததே, அது எந்த மண்ணில் விளைகிறது? நாம் வாங்கி வந்த கிழங்கில் இரண்டை மலையில் இருக்கும் சம்பந்தி வீட்டுக்குக் கொடுத்தால் போதும்.

இன்னொருவர் கேட்டது நல்ல கேள்வி. வெங்காயமே மத்திய ஆசியாப் பக்கமிருந்து வந்ததுதானே, மிளகாயும் தக்காளியும் கடல் தாண்டி வந்தவைதானே, அப்போது யார் சான்றிதழ் கேட்டார்கள் என்றார். யாரும் கேட்கவில்லை. அதனால் நல்லதும் வந்தது, கெட்டதும் வந்தது. நம் ஏரி குளங்களை மூடிக் கிடக்கும் வெங்காயத் தாமரையைப் பாருங்கள். இலைக்காம்பு வெங்காயம் போல உப்பியிருப்பதால் அந்தப் பெயர். தென்னமெரிக்காவில் அமேசான் பக்கத்துச் செடி. ஊதாப்பூ அழகாக இருக்கிறது என்று பத்தொன்பதாம் நூற்றாண்டின் கடைசியில் வங்காளத்துக்குக் கொண்டு வந்தார்கள். இன்று பொக்லைன் வைத்து அள்ளினாலும் தீரவில்லை. உண்ணிச்செடியும் அப்படித் தோட்டத்து அழகுக்கு வந்து காட்டைப் பிடித்ததுதான். கொண்டு வந்தவர்கள் யாரும் கெட்டவர்கள் இல்லை. என் மனைவியைப் போல, என்னைப் போல, ஒரு பூவைப் பார்த்து ஆசைப்பட்டவர்கள். அவர்களுக்குத் தெரியாது. நமக்குத் தெரியும். அதுதான் வித்தியாசம்.

சரி, ஆசைப்பட்டவளுக்கு என்ன பதில்? அதற்கும் தம்பிதான் வழி சொன்னான். "அண்ணே, வெங்காயப்பூதானே வேணும்? நம்ம வெங்காயமே பூக்குமே!"

நாம் பார்த்ததில்லை, அவ்வளவுதான். வயலில் தண்டு விட்டால் காய் சிறுக்கும், கழுத்துத் தடித்துப் பட்டறையில் தாங்காது. அதனால் பூக்க விடமாட்டார்கள். விதைக்காக வளர்ப்பவர்கள் மட்டும் விடுவார்கள். கோயம்புத்தூர் வேளாண் பல்கலைக்கழகத்தின் கோ 5 என்ற சின்ன வெங்காய ரகம் நன்றாகப் பூத்து விதை பிடிக்கும். தம்பி அதில் ஒரு கை கொண்டு வந்து கொடுத்தான். அடைமழை ஓய்ந்த கார்த்திகையில், ஒரு சாண் ஆழமுள்ள தொட்டியில், மணல் கலந்த மண்ணில், காயின் தலை லேசாகத் தெரியும்படி நட்டேன். கூடவே, சமையலறைக் கூடையில் முளைத்துக் கிடந்த பெல்லாரி வெங்காயம் ஐந்தையும் வைத்தேன். நாள் முழுக்க வெயில் வேண்டும். மண் காய்ந்தால்தான் தண்ணீர், தேங்கினால் அழுகிவிடும்.

தை பிறந்தபோது தாள்களுக்கு நடுவே உருண்டையான தண்டுகள் எழும்பின. நுனியில் மெல்லிய காகிதம் போன்ற உறை. அது கிழிந்து வெள்ளைப் பூக்கள் மேலிருந்து ஒவ்வொன்றாக விரிந்தன. பெல்லாரியில் ஐந்தில் இரண்டுதான் பூத்தது, ஆனால் உருண்டை எலுமிச்சைக்கு மேல் பெரிதாக வந்தது. கத்தரிப்பூ நிறம் இல்லை. பச்சைக் கோடு ஓடிய வெள்ளை. தேனீக்கள் மட்டும் இங்கிலாந்துத் தேனீக்களுக்குச் சளைக்காமல் காலை ஏழு மணிக்கே வந்துவிட்டன. மூன்று வாரம் இருந்தது. பிறகு உருண்டை காய்ந்து, உள்ளே கறுப்பு விதை. அதை எடுத்து வைத்திருக்கிறேன்.

அதே குடும்பத்தில் இன்னும் ஒன்று நம் வெயிலைத் தாங்கும். தட்டையான புல் போல இலை, பூண்டு வாசம், வெள்ளை நட்சத்திரப் பூங்கொத்து. சிங்கப்பூர், மலேசியாவில் பிள்ளைகள் இருப்பவர்களுக்குக் 'குச்சாய்' என்றால் தெரியும். இங்கே நர்சரியில் 'கார்லிக் சைவ்ஸ்' என்று கேளுங்கள். மணிப்பூரில் இதைக் கொல்லையில் வைத்துக் குழம்பிலும் போடுகிறார்கள். இதையும் சிங்கப்பூரிலிருந்து பெட்டியில் கொண்டு வர வேண்டாம், இங்கேயே கிடைக்கிறது. உருண்டைப் பூதான் வேண்டும் என்றால், கோடையில் ஊட்டிக்கோ கொடைக்கானலுக்கோ போகும்போது நீல நிறத்தில் பந்து பந்தாகப் பூக்கும் அகபாந்தஸைப் பாருங்கள். தென்னாப்பிரிக்கச் செடி, வெங்காயத்துக்குத் தூரத்து உறவு, மலைக் குளிர் அதற்குப் பிடித்துவிட்டது.

ஒரே ஒரு எச்சரிக்கை. மழை லில்லிக் கிழங்கும் நரி வெங்காயமும் பார்க்க வெங்காயம் போலவே இருக்கும். இரண்டும் விஷம். பிரித்து நடும்போது சமையலறைப் பக்கம் கொண்டு போகாதீர்கள். கிள்ளிப் பார்த்து வெங்காய வாசம் வரவில்லை என்றால் அது வெங்காயம் இல்லை.

இந்த வருடம் பிள்ளைகளைப் பார்க்கப் போகிறவர்கள், அங்கே தோட்டத்தில் கத்தரிப்பூ உருண்டையைக் கண்டால் பக்கத்தில் நின்று ஆசை தீரப் பாருங்கள். இலையைக் கிள்ளி மோந்து பாருங்கள். பேரன் பேத்தியை நிற்க வைத்து ஒரு படம் எடுங்கள். பெட்டியில் மட்டும் வைக்காதீர்கள். அந்தப் பூ அந்தக் குளிரில்தான் பூக்கும். அதற்கு நம் ஊரில் வேலை இல்லை.

போன தையில் எங்கள் தொட்டியில் பூத்ததைப் படம் எடுத்து மகளுக்கு அனுப்பினாள் என் மனைவி. "என்னம்மா இது, புதுசா ஏதாவது வாங்கினீங்களா?" என்று கேட்டாள் மகள். "இல்லடி, நேத்து சாம்பாருக்குப் போட்டதோட அக்கா தங்கச்சி" என்று பதில் போனது.